சுசுகியா, லேண்ட் ரோவரா, லேண்ட் குரூசரா? சுங்கை சிப்புட் பக்கம் விலைக்கு வந்த மூன்று பழைய ஜீப்புகள்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள சுங்கை சிப்புட் எங்கள் ஊர். போன மாதம் என் சின்னம்மா மகன் மூன்று படங்களை அனுப்பி, "அண்ணே, இதுல எதை எடுக்கலாம்?" என்று கேட்டான். முதல் படத்தில் லிந்தாங் பக்கம் ஒரு வீட்டு வாசலில் நிற்கும் சுசுகி எஸ்ஜே410, கேன்வாஸ் கூரை போட்டது. இரண்டாவது, தோட்டத்து ஸ்டோருக்குப் பின்னால் செம்பனை ஓலை விழுந்து கிடக்கும் குட்டை லேண்ட் ரோவர், சீரிஸ் 3. மூன்றாவது, கோலகங்சாரில் புதுச் சாயத்தில் மின்னும் டொயோட்டா லேண்ட் குரூசர் பிஜே40. ஜாலோங் அடிவாரத்தில் அவனுக்கு ஆறு ஏக்கர் நிலம் இருக்கிறது, செம்பனையும் கொஞ்சம் டுரியானும். அக்டோபர், நவம்பர் மழையில் அங்கே போகும் சடக்கு (பாதை) களியாகிவிடும். வண்டி வேலைக்கும் ஆக வேண்டும், ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தை ஏற்றிக்கொண்டு பசாருக்கும் போக வேண்டும். வாங்கிப் பழுது பார்த்துப் பல வருஷம் வைத்திருக்க ஆசைப்படுகிறான்.

போனில் சொன்னதைவிட விரிவாகவே இங்கே எழுதுகிறேன். இந்த ஊரில் பலருக்கு இதே ஆசை இருக்கிறது.

பழைய ஜீப் பார்க்கப் போகிறவர்கள் முதலில் பானெட்டைத் திறந்து எஞ்சின் சத்தத்தைக் கேட்கிறார்கள். நான் தரையில் படுத்து அடிப்பக்கத்தைத்தான் பார்ப்பேன். எஞ்சினை ஈப்போவிலோ தைப்பிங்கிலோ எந்தப் போமனும் (மெக்கானிக்) பிரித்துச் சேர்த்துவிடுவார், செலவையும் முன்கூட்டியே சொல்லிவிடுவார். துருப் பிடித்த இரும்புக்கு அப்படிக் கணக்குச் சொல்ல முடியாது. ஒரு ஓட்டையை அடைக்கப் போனால் பக்கத்தில் மூன்று ஓட்டை தெரியும். அதனால் இந்த மூன்று வண்டிகளையும் எஞ்சினை வைத்து ஒப்பிடாமல், இரும்பு எங்கே இருக்கிறது, எங்கே அழுகும், அதை நம் ஊரில் யார் சரி செய்வார் என்று பார்க்கிறேன்.

தோட்டத்து வண்டி என்றால் இன்னொன்றும் கேட்க வேண்டும்: உரம் ஏற்றியதா? செம்பனைக்குப் போடும் பொட்டாஷ் உரம் ஒரு வகை உப்பு. மூட்டை கிழிந்து கொட்டியதும் மழையில் கரைந்து பின்தட்டு இடுக்கிலும், வண்டியைத் தாங்கும் அடிச்சட்டமான சேசிஸ் மேலும் தங்கிவிடும். உரம் ஏற்றிய வண்டியின் பின்பாதி, அதே வயது வீட்டு வண்டியைவிடப் பல வருஷம் மூத்ததாக இருக்கும்.

சுசுகியை முதலில் முடித்துவிடுகிறேன், ஏனென்றால் அது எளிது. 1980களில் வந்த எஸ்ஜே410க்கு 970 சிசி எஞ்சின், 4 கியர், எடை ஒரு டன்னுக்கும் குறைவு. சேற்றில் அந்த லேசான உடம்புதான் அதன் பலம். பெரிய வண்டி அமுங்கும் இடத்தில் இது மேலாகவே போய்விடும். சிக்கினாலும் நான்கு பேர் தள்ளினால் வெளியே வரும். சாமான் மலிவு, ரோட் டாக்ஸ் எஞ்சின் சிசியை வைத்து வருவதால் அதுவும் குறைவு. குறை என்னவென்றால் தகடு மெல்லியது. தரை, சக்கரத்தின் மேல்வளைவு, கண்ணாடிச் சட்டத்தின் அடி, இந்த மூன்று இடமும் முதலில் போகும். மெல்லிய தகட்டில் வெல்டிங் வைப்பது பழகிய கைக்குத்தான் வரும். சூடு கொஞ்சம் கூடினாலும் தகடு சுருண்டுவிடும். நெடுஞ்சாலையில் லோரி கடக்கும்போது வண்டி ஆடும், வளைவில் வேகம் கூடாது. பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு தூரப் பயணம் போக நான் இதைச் சொல்ல மாட்டேன்.

லேண்ட் ரோவருக்கு வருகிறேன். நான் ஒருபக்கம் சாய்ந்துதான் பேசுவேன், அதை மறைக்கவில்லை. அப்பா தோட்டத்தில் டிரைவராக இருந்தார். துரைக்கு ஓட்டிய சீரிஸ் 2ஏயில் முதல் இரண்டு கியருக்கு சிங்க்ரோ (கியர் உரசாமல் விழ உதவும் அமைப்பு) கிடையாது, கிளட்சை இரண்டு முறை மிதித்துத்தான் இறக்க வேண்டும். அந்த "டக், டக்" சத்தத்தை வைத்தே அப்பா எந்த மேட்டில் வருகிறார் என்று லயத்து வீட்டில் இருந்தபடி அம்மா சொல்லிவிடுவார். 1971 முதல் 1985 வரை வந்த சீரிஸ் 3இல் நான்கு கியருக்கும் சிங்க்ரோ உண்டு. தம்பி பார்த்திருப்பது அதுதான், ஓட்டிப் பழக அதுவே சுலபம்.

இந்த வண்டிக்கும் எங்கள் ஊரில் தொடங்கிய அவசரகாலத்துக்கும் ஒரே வயது என்று நான் நினைத்துக்கொள்வதுண்டு. 1948 ஏப்ரல் 30 அன்று ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் முதல் லேண்ட் ரோவரைக் காட்டினார்கள். அதே வருஷம் ஜூன் 16 அன்று சுங்கை சிப்புட் தோட்டங்களில் மூன்று ஐரோப்பியத் துரைகள் சுட்டுக்கொல்லப்பட்டு, கம்யூனிஸ்ட் கிளர்ச்சியை அடக்க மலாயாவில் 1960 வரை நீண்ட அவசரகாலம் தொடங்கியது. அந்த வருஷங்களில் ராணுவமும் போலீசும் இந்த வண்டியிலும் ரப்பர் காடுகளைச் சுற்றின. எங்கள் தாத்தாக்களுக்கு அதன் சத்தம் பயமாகவும் இருந்திருக்கும்.

போருக்குப் பிறகு பிரிட்டனில் இரும்புத் தகட்டுக்குத் தட்டுப்பாடு. அதனால் மேல் உடம்பை அலுமினியக் கலவையில் செய்தார்கள். இன்றைக்கு நமக்கு அதுதான் லாபம். கதவுத் தகடு, மட்கார்ட், பின்தட்டு எதுவும் இரும்புபோல் அழுகாது. பெரும்பாலும் தட்டையான தகடு, நட்டைக் கழற்றினால் தனியே வந்துவிடும். நசுங்கிய தகட்டைச் சரி செய்யும் கெத்தோக் கடையில் தட்டி நேராக்கலாம். ஆனால் அலுமினியம் இரும்பைத் தொடும் இடத்தில் ஈரம் சேர்ந்தால் வெள்ளைப் பொடியாக உதிரும், ரிவெட் வரிசையைப் பார்க்க வேண்டும்.

ஆபத்து அடியில் இருக்கிறது. சேசிஸ் பெட்டி வடிவ இரும்பு, உள்ளிருந்து அரிக்கும். வெளியே கருப்புச் சாயம் நன்றாகத்தான் தெரியும். சிறு சுத்தியலால் தட்டிக்கொண்டே போங்கள். கணீர் என்றால் நல்ல இரும்பு, மொத்தென்று கேட்டால் உள்ளே ஒன்றுமில்லை. பின் குறுக்குச் சட்டம், ஸ்பிரிங் மாட்டும் இடங்கள், எஞ்சினுக்கும் டிரைவருக்கும் நடுவில் உள்ள இரும்புச் சுவரின் கால் வைக்கும் குழி, இவற்றை விடக் கூடாது. சேசிஸ் எண் வலப்பக்க முன் ஸ்பிரிங் மாட்டும் இடத்தில் அடிக்கப்பட்டிருக்கும். அங்கே துரு தின்றிருந்தால் வண்டியின் அடையாளமே போய்விடும்.

2.25 லிட்டர் பெட்ரோல் எஞ்சின் முரடு, பொறுமைசாலி. பெட்ரோலை நன்றாகக் குடிக்கும், லிட்டருக்கு 6, 7 கிலோமீட்டர் கிடைத்தால் சந்தோஷப்படுங்கள். சேற்றில் மஞ்சள் குமிழை அழுத்தினால் நான்கு சக்கரமும் இழுக்கும், சிவப்புப் பிடியைப் பின்னால் இழுத்தால் லோ கியர். கம்ப்யூட்டர், சென்சார் என்று எதுவும் கிடையாது.

இந்த ஊரிலிருந்து பார்த்தால் எனக்கு முடிவைத் தருவது கேமரன் மலை. சிம்பாங் பூலாய் வழியாக ஏறினால், காய்கறித் தோட்டங்களில் இன்றைக்கும் பழைய லேண்ட் ரோவர்கள் முட்டைக்கோசு ஏற்றி ஓடுகின்றன. ஓடுகிற வண்டி இருக்கும் இடத்தில்தான் சாமானும் அதை அறிந்த கையும் இருக்கும். கியர் பெட்டிக்கு ஒரு பேரிங் வேண்டுமென்று நான் அங்கே போனேன். போமன் அண்ணன் பழைய பெட்டி ஒன்றைப் பிரித்து எடுத்துக் கொடுத்ததோடு, எப்படி மாட்டுவது என்றும் செய்து காட்டினார். துத்தநாகம் பூசிய புதுச் சேசிஸ் இங்கிலாந்தில் இன்றும் செய்கிறார்கள்தான். ஆனால் கப்பல் கூலியைச் சேர்த்துப் பார்த்தால் சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்.

பிஜே40 மூன்றிலும் உறுதியானது, அதில் சந்தேகமில்லை. 3 லிட்டர் டீசல் எஞ்சின் ஒழுங்காக ஆயில் மாற்றினால் நம்மைவிட அதிக நாள் இருக்கும். கியர், அச்சு எல்லாம் லேண்ட் ரோவரைவிடத் தடிமன். பின் அச்சுத் தண்டு உடைந்து நடுக்காட்டில் நிற்கும் பயம் லேண்ட் ரோவரில் உண்டு, இதில் குறைவு. லேண்ட் குரூசர் 40 வரிசைக்கு மறுபடியும் சாமான் செய்து தரப்போவதாக 2021இல் டொயோட்டாவே அறிவித்தது. பிறகு ஏன் தயங்குகிறேன்? உடம்பு முழுக்க இரும்பு. பக்கவாட்டின் கீழ்ப்பகுதி, சீட்டுக்கு அடித் தரை, கண்ணாடிச் சட்டம் என்று துரு வேலை செய்யும் இடம் அதிகம், வளைவான தகடாக இருப்பதால் கையால் செய்து போடுவதும் கடினம். அதோடு, இது உலகம் முழுக்கச் சேகரிப்பாளர்கள் தேடும் வண்டி, விற்பவருக்கு அது தெரியும். கோலகங்சார் வண்டியில் புதுச் சாயம் இருப்பதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. ஒரு காந்தத்தை எடுத்துப் போய்க் கதவடியில் ஒட்டிப் பார்க்கச் சொன்னேன். மூன்று இடத்தில் ஒட்டவில்லையாம், அங்கெல்லாம் சாயத்துக்கு அடியில் ஓட்டையை அடைத்த புட்டிப் பசை. டீசலும் 2024 ஜூன் 10 அன்று ஒரே நாளில் லிட்டர் 2.15 வெள்ளியிலிருந்து (ரிங்கிட்) 3.35க்குப் போனதிலிருந்து, டீசல் என்றால் சிக்கனம் என்ற பழைய கணக்கு தீபகற்ப மலேசியாவில் நிற்கவில்லை.

கிராண்ட், அதாவது வண்டியின் பதிவுப் பத்திரம் பற்றியும் சொல்லியாக வேண்டும், நான் அடிபட்டது அதில்தான். 2016இல் நான் வாங்கிய எஸ்ஜே410 நன்றாக ஓடியது. பெயர் மாற்ற பி5 என்ற வாகனச் சோதனைக்குக் கொண்டுபோனால் எஞ்சின் எண் கிராண்டோடு ஒத்துப்போகவில்லை. முன்பு வைத்திருந்தவர் பழைய வண்டிகளின் பாகங்களை விற்கும் ஹாப்கட் கடையிலிருந்து 1.3 லிட்டர் எஞ்சினை எடுத்து மாட்டிவிட்டு, சாலைப் போக்குவரத்து இலாகாவான ஜேபிஜேயில் பதியாமலே விற்றிருக்கிறார். பணமும் கொடுத்தாகிவிட்டது, வண்டி நான்கு மாதம் வீட்டுக் கொட்டகையில் நின்றது. தோட்டத்து லேண்ட் ரோவர்களிலும் ஜப்பான் டீசல் எஞ்சின் மாட்டியது நிறைய உண்டு. பதிவு செய்திருந்தால் அது குறையே இல்லை. ஆகவே முன்பணம் கொடுப்பதற்கு முன் எஞ்சின் எண், சேசிஸ் எண் இரண்டையும் துணியால் துடைத்து, டார்ச் அடித்து, கிராண்டோடு எழுத்து எழுத்தாக ஒப்பிட்டுப் பாருங்கள்.

தம்பிக்கு நான் சொன்னது லேண்ட் ரோவர். சேசிஸ் தாங்கும் என்றால் மட்டும். தாங்காது என்றால் சுசுகியை எடுத்து இரண்டு வருஷம் வேலை வாங்கு, நல்ல சேசிஸ் உள்ள வண்டி வரும்வரை காத்திரு என்றேன். டொயோட்டாவை, துருப் பிடிக்காத உடம்போடு யாராவது தெரிந்தவர் விற்றால் மட்டும் யோசிக்கலாம்.

போன ஞாயிறு இருவரும் ஸ்டோருக்குப் போனோம். ஓலையை இழுத்துப் போட்டுவிட்டு அவன் வண்டிக்கு அடியில் படுத்துத் தட்டினான், நான் வெளியே நின்று கேட்டேன். முன்பக்கம் முழுக்கக் கணீர். எண் தெளிவாக இருந்தது, கிராண்டோடு ஒத்தது. பின் குறுக்குச் சட்டத்தில் மட்டும் மொத்தென்று கேட்டது, உரம் ஏற்றியிருக்கிறார்கள். அந்த ஒரு சட்டத்தை அறுத்துப் புதிதாக வைக்க என்ன கேட்பார்கள் என்று நாளை ஈப்போவில் விசாரிக்கப் போகிறோம்.