சட்டன் ஹூ தலைக்கவசத்துக்கு மலிவான எஃகுக் கூடு: சில கோடைகள் அணிந்த பிறகு

இங்கிலாந்தில் ஆங்கிலோ-சாக்சன் கால (சுமார் 5 முதல் 11-ஆம் நூற்றாண்டு வரை) வாழ்க்கையை உடை, ஆயுதம், சமையல் என்று நடத்திக் காட்டும் குழு ஒன்றில் நான் இருக்கிறேன். இந்த வட்டத்தில் பலருக்கும் உள்ள பெரிய ஆசை, அந்தக் காலத்துக் கல்லறை ஒன்றில் கிடைத்த சட்டன் ஹூ தலைக்கவசத்தைத் தன் கையால் செய்து பார்ப்பது. எனக்கும் அதே ஆசைதான். செய்து முடித்து, சில கோடைகள் அணிந்தும் ஆயிற்று. அச்சுத் தகடு, கார்னெட் என்னும் சிவப்புக் கல், வெள்ளிக் கம்பி என்று எழுத எவ்வளவோ இருக்கிறது. ஆனால் புதிதாக வருபவர்கள் முதலில் கேட்பது, "அடியில் இருக்கும் எஃகுக் கூட்டை எங்கே வாங்கினீர்கள், என்ன விலை?" என்றுதான். அதனால் இங்கே கூட்டைப் பற்றி மட்டும்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மேலே முழுக்கத் தகடு போர்த்தப்போகிற கவசத்துக்கு, கூட்டின் பளபளப்புக்குக் கொடுக்கும் காசு வீண். வடிவமும் தலை அளவும் சரியாக இருக்கிற, மெருகு போடாத, விலை குறைந்த கூடே போதும். போதும் என்ன, அதுதான் நல்லது.

அசல் கவசம் 1939-இல் சஃபோக்கில், ஈடித் பிரெட்டி அம்மையாரின் நிலத்தில், கப்பலோடு புதைத்த ஒரு கல்லறையில் கிடைத்தது. ஐந்நூறுக்கும் மேற்பட்ட துண்டுகளாகக் கிடைத்தது. பிரிட்டிஷ் மியூசியத்தின் பழுதுபார்ப்பு வல்லுநர் ஹெர்பர்ட் மேரியன் 1945-46-இல் அதை ஒட்டிச் சேர்த்தார். பிறகு அதைப் பிரித்து, அதே மியூசியத்தின் நைஜல் வில்லியம்ஸ் 1970-71-இல் மறுபடி சேர்த்த வடிவம்தான் இன்று பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது. அதை வைத்து, பிரிட்டனின் ஆயுத அருங்காட்சியகமான ராயல் ஆர்மரீஸ் 1973-இல் புத்தம் புதிதாக ஒன்று செய்தது. வெள்ளி போல மின்னும் அந்தப் பிரதியை ஒருமுறை நேரில் பார்த்தால் போதும், ஆசை விடாது. அதன் எடை 3.74 கிலோ. அசல் சுமார் 2.5 கிலோ இருந்திருக்கும் என்பது கணிப்பு. எடைக் கதையைப் பிறகு சொல்கிறேன்.

கூடு வாங்குபவருக்கு இதில் முக்கியமான செய்தி ஒன்று உண்டு. அசலின் தொப்பிப் பகுதி ஒரே இரும்புத் தகட்டை அடித்து எழுப்பியது என்கிறார்கள். அதன்மேல் நெற்றியிலிருந்து பிடரி வரை ஒரு இரும்பு முகடு ஓடுகிறது. மற்ற இடமெல்லாம் வெள்ளீயம் பூசிய வெண்கலத் தகடுகள், அவற்றின் விளிம்பைப் பிடிக்கும் வரிப்பட்டைகள். கூட்டின் வெளிப்பக்கம் எங்கேயும் கண்ணில் படாது. இரண்டு பாதிகளாக அடித்து நடுவில் வெல்டிங் வைத்த கூடுதான் சந்தையில் மலிவு. அந்த வெல்டிங் கோடு நேராக முகட்டுக்கு அடியில் போய் ஒளிந்துகொள்ளும்.

சரி, எதை எதையெல்லாம் பார்த்தேன் என்று சொல்கிறேன். முதலில் எல்லோருக்கும் தோன்றுவது பழைய ராணுவ ஹெல்மெட். அமெரிக்க எம்-1, பிரிட்டிஷ் பிராடி இரண்டும் பழம்பொருள் சந்தைகளில் கிடைக்கும். இரண்டுமே ஹேட்ஃபீல்டு மாங்கனீசு எஃகு. ஷெஃபீல்டுக்காரரான ராபர்ட் ஹேட்ஃபீல்டு 1882-இல் கண்டுபிடித்தது. சுமார் 12 சதவீதம் மாங்கனீசு. அடிக்க அடிக்க, துளைக்கத் துளைக்க இறுகிக்கொண்டே போகும் எஃகு இது. குண்டுச் சிதறலைத் தடுக்க அருமையான குணம். ரிவெட்டுக்காக நூற்றுக்கணக்கில் துளை போட வேண்டிய நமக்கு அதுவே பெரிய தொல்லை. காந்தத்தை வைத்துப் பாருங்கள், ஒட்டாது. ஒட்டாத ஹெல்மெட்டைக் கீழே வைத்துவிடுங்கள். அதோடு, போரில் ஒருவர் தலையில் இருந்த பொருளை வெட்டி நம் பொழுதுபோக்குக்குப் பயன்படுத்த எனக்கு மனம் வரவில்லை.

வாயிற்கதவு அலங்காரத்துக்கு விற்கும் எஃகு அரைக்கோளங்கள் உண்டு. விலை மிகக் குறைவு. ஆனால் மனிதத் தலை உருண்டை இல்லையே. காதுக்குக் காது அகலத்தைவிட முன்பின் நீளம் சுமார் நான்கு சென்டிமீட்டர் அதிகம். அரைக்கோளத்தை அணிந்தால் பக்கங்களில் காலி இடம், நெற்றியில் இறுக்கம். கண்ணாடிப் பெட்டியில் வைக்க மட்டும் என்றால் அதுவே போதும்.

முழுசாகச் செய்து விற்கும் பிரதிகளை வாங்கி, மேலே உள்ள தகட்டை உரித்துவிட்டு நம் தகட்டை வைக்கலாம் என்று சிலர் சொல்வார்கள். உரித்துப் போடும் பித்தளைக்கும் சேர்த்துத்தானே காசு கொடுக்கிறோம். கைவினைக் கொல்லரிடம் அளவு கொடுத்து ஒரே தகட்டில் எழுப்பச் சொல்வதுதான் உயர்ந்த வழி. அவர்கள் உழைப்புக்கு அந்த விலை நியாயம். என் கையில் அவ்வளவு இல்லை.

கடைசியில் வாங்கியது வட இந்தியக் கூடு. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் இந்தப் பொழுதுபோக்குக்கு விற்கும் கவசங்களில் பெரும்பங்கு டேராடூன், ரூர்க்கி, மீரட் பக்கத்துப் பட்டறைகளில் செய்தது. நான் எடுத்தது 16 கேஜ் (தகட்டின் கனத்தைச் சொல்லும் எண்) எம்.எஸ். தகட்டில், அதாவது மைல்டு ஸ்டீல் என்னும் சாதாரண மென் எஃகில், செய்த வெறும் தொப்பி. உள்ளுறை இல்லை, மெருகு இல்லை, நடுவில் வெல்டிங். எழுபது பவுண்டுக்குள் முடிந்தது. முகமூடி, கன்னத் தகடுகள், பிடரித் தகடு எல்லாம் அதே கனத் தகடு வாங்கி நானே வெட்டி அடித்தேன்.

கேஜ் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. பிரிட்டிஷ் கணக்கில் 16 கேஜ் என்றால் 1.6 மில்லிமீட்டர். அமெரிக்கக் கணக்கில் அதே எண்ணுக்கு 1.5 தான் வரும். போதாததற்கு, தகட்டைக் குழியாக அடிக்கும்போது உச்சி மெலியும். விளிம்பில் மட்டும் அளந்துவிட்டுத் திருப்திப்பட வேண்டாம். வேறொரு விற்பனையாளர் 16 கேஜ் என்று எழுதி அனுப்பிய கூடு விளிம்பிலேயே 1.2 தான் இருந்தது. உச்சியைக் கட்டை விரலால் அழுத்தினால் டப் டப் என்று உள்ளே போய் வந்தது. திருப்பி அனுப்பிப் பணம் வாங்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

வாங்கும்போது நான் செய்யும் சோதனை எளிது. சமமான மேசையில் கவிழ்த்து வைத்தால் ஆடக் கூடாது. நெற்றி நடுவிலிருந்து பிடரி நடுவுக்கு ஒரு நூலைப் பிடித்து, அந்த நூலிலிருந்து இரு காது விளிம்புக்கும் காகித நாடாவால் அளந்தால் இரண்டும் ஒத்துவர வேண்டும். ஐந்து மில்லிமீட்டர் வரை வித்தியாசம் இருந்தால் மரக்கட்டையில் வைத்துத் தட்டிச் சரிசெய்யலாம். அதற்குமேல் என்றால் வரிப்பட்டைகள் ஓடும் கட்டங்கள் இடமும் வலமும் ஒன்றுக்கொன்று பொருந்தாது, பார்த்ததும் கண்ணை உறுத்தும். அப்புறம் வெல்டிங்கை உள்பக்கம் பாருங்கள். வெளிப்பக்கம் கிரைண்டர் போட்டு மறைத்திருப்பார்கள். உள்ளே ஊடுருவிய கோடு தொடர்ச்சியாகத் தெரிந்தால் நல்ல வேலை. துத்தநாக முலாம், குரோம் முலாம் போட்டது வேண்டவே வேண்டாம். சூடு காட்டினால் துத்தநாகப் புகை நெஞ்சுக்கு ஆகாது.

அளவைப் பற்றி: தலைச் சுற்றளவை மட்டும் சொல்லி வாங்காதீர்கள். சுற்றிலும் ஒன்றரை சென்டிமீட்டர் பஞ்சு மெத்தை வைத்தால் சுற்றளவில் ஒன்பது சென்டிமீட்டருக்கு மேல் கூடும். 58 சென்டிமீட்டர் தலைக்கு உள்சுற்று 67-68 வேண்டும். கூடு வட்டமாக வந்தாலும் பயமில்லை. எம்.எஸ். தகடு இளகிய குணம் உள்ளது. பக்கவாட்டில் மெதுவாக அமுக்கினால் முன்பின் நீண்டு முட்டை வடிவத்துக்கு வந்துவிடும்.

இனி நான் மிகவும் அக்கறையோடு சொல்ல விரும்பும் பகுதி. இரும்பின்மேல் வெண்கலமோ பித்தளையோ ஒட்டி உட்கார்ந்து, இடையில் வியர்வை ஈரம் புகுந்தால் இரும்புதான் அரிக்கும். வெண்கலத்துக்கு ஒன்றும் ஆகாது. வெளியே தகடு பளிச்சென்று இருக்க, அடியில் துரு பொங்கித் தகட்டையே தூக்கிவிடும். இதற்கு ஒரே மருந்து, இரண்டுக்கும் நடுவில் ஈரம் புகாத ஒரு பூச்சு. நான் செய்தது: எல்லா ரிவெட் துளைகளையும் முதலில் போட்டு, கறுப்புப் படலத்தை வினிகரில் ஊறவைத்து நீக்கி, நன்றாகக் கழுவிக் காயவைத்து, உடனே இரண்டு கை எபாக்சி பிரைமர். துளைகளின் உள்சுவர் வரை பிரைமர் இறங்க வேண்டும். மெருகு போடாத கூடு நல்லது என்று சொன்னதற்கு இதுவும் காரணம். சொரசொரப்பான பரப்பில் பிரைமர் பல் பிடித்து நிற்கும். கண்ணாடி போல மெருகேற்றிய கூட்டை மறுபடி உப்புத்தாள் போட்டுத் தேய்க்க வேண்டும்.

தகடு வேலையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். சுவீடனின் ஓலாண்ட் தீவில் 1870-இல் கிடைத்த டோர்ஷ்லுண்டா அச்சுகள் நான்கும் வெண்கல வார்ப்பு; இந்த வகைத் தகடுகளை எப்படி அச்சிட்டார்கள் என்பதற்கு அவைதான் சாட்சி. நான் பிசின் அச்சு வார்த்து, 0.15 மில்லிமீட்டர் தகட்டைக் காய்ச்சி இளக்கி அழுத்தினேன். கூட்டில் வெல்டிங் மேடு அரை மில்லிமீட்டர் இருந்தாலும் இவ்வளவு மெல்லிய தகட்டில் அது வெளியே தெரியும். கூட்டின் வெளிப்பக்கத்தில் நான் உழைத்தது அந்த மேட்டைத் தேய்ப்பதற்கு மட்டுமே. வெள்ளீயப் பூச்சு நம் ஊர்ப் பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுகிற அதே வேலை: சூடு, நவச்சாரம், துணியால் ஒரே இழுப்பு.

அச்சிட்ட தகட்டின் முதுகில் குழிகள் இருக்கும். அப்படியே கூட்டில் வைத்தால் விரல் பட்டே உருவங்கள் அமுங்கிப்போகும். தஞ்சாவூர்த் தட்டு செய்பவர்கள் புடைப்பு உருவங்களின் முதுகில் மெழுகுக் கலவையை நிரப்பித்தான் தட்டில் பதிப்பார்கள். அந்த முறையைப் பார்த்து, நான் குழிகளில் எபாக்சி நிரப்பிச் சமன் செய்து பதித்தேன். குதிரைவீரன் கீழே விழுந்தவனை மிதிக்கும் தகடு இன்றுவரை மூக்கு முழி சிதையாமல் இருக்கிறது. அதைப் பார்க்கும்போதெல்லாம் தஞ்சைக் கலைஞர்களை நன்றியோடு நினைத்துக்கொள்வேன்.

அணிந்து பழகியதில் தெரிந்தவை. தகட்டுக்கு அடியில் எங்கும் துரு பொங்கவில்லை. துரு வந்தது முகமூடியின் உள்பக்கம்தான். மூக்குக்குக் கீழ் இருக்கும் இரண்டு சிறு துளைகள் வழியாகத்தான் மூச்சு. மிச்ச மூச்செல்லாம் உள்ளேயே நீர்த்துளியாகப் படிகிறது. ஒவ்வொரு நிகழ்ச்சிக்குப் பிறகும் துடைத்து ரெனசான்ஸ் மெழுகு பூசுகிறேன். 1950-களில் பிரிட்டிஷ் மியூசியத்தின் ஆய்வகத்தில் அருங்காட்சியகப் பொருள்களுக்காகவே உருவான மெழுகு அது, நம்பிப் பூசலாம். தகடுகளை வெறும் பசையில் ஒட்டிய நண்பர்களுக்கு ஜூலை வெயிலில் ஓரங்கள் எழும்பின. எஃகைவிடப் பித்தளை சூட்டில் ஒன்றரை மடங்கு விரியும். பசை எத்தனை நாள் தாங்கும்? வரிப்பட்டை வைத்து ரிவெட் அடித்தால் தகட்டுக்கு நகர இடம் இருக்கும். வெல்டிங் கோடு அப்படியே உறுதியாக இருக்கிறது. கன்னத் தகடுகளைத் தொங்கவிட்ட தோல் கீல்கள் மட்டும் தேய்ந்து, புதிதாக மாற்ற வேண்டியதாயிற்று.

எடைக்கு வருகிறேன். என் கவசம் மூன்று கிலோவைத் தாண்டுகிறது. அரை மணி நேரத்தில் கழுத்து சொல்லிவிடும். 14 கேஜில் செய்தால் இன்னும் உறுதி என்று ஆசை காட்டுவார்கள். 2 மில்லிமீட்டர் தகடு என்றால் எஃகின் எடையே நான்கில் ஒரு பங்கு கூடும். முகமூடி, கன்னம், பிடரி எல்லாம் சேர்த்துக் கணக்குப் போட்டால் அரை கிலோ. இத்தனை வேலைப்பாட்டை வைத்துக்கொண்டு யாரும் வாள் வீச்சுக்குள் போகப் போவதில்லை. 16 கேஜே சரி. அலமாரியில் மட்டும் வைப்பதானால் 18 கேஜும் ஆகும், உச்சியைத் தட்டிப் பார்த்து எடுங்கள்.

நான் சொன்னதெல்லாம் முழுக்கத் தகடு போர்த்தும் கவசத்துக்குத்தான். யார்க் நகரில் 1982-இல் கிடைத்த காப்பர்கேட் கவசத்தைச் செய்ய நினைப்பவர்களுக்கு இந்தக் கூடு உதவாது. அதில் பட்டைகளையும் இடைத் தகடுகளையும் சேர்த்து ரிவெட் அடித்த இரும்பே வெளியில் தெரியும். பித்தளை ஓரங்களிலும் முகட்டிலும் புருவங்களிலும் மூக்குக் காப்பிலும் மட்டும். அங்கே வெல்டிங் கோட்டை மறைக்க இடமே இல்லை. அதற்குக் காசு சேர்த்து நல்ல கொல்லரிடம் போங்கள்.