வே டப்பா ஒன்றா, முட்டை பத்துத் தட்டா?

மட்டக்களப்பில் ஜிம்முக்குப் போகிற தம்பிமாரோடு கதைத்துப் பாருங்கள். பாரம் தூக்கப் பலம் தருகிற கிரியேட்டின் பவுடர் என்றால் "ஐயோ, கிட்னி போய்விடும்" என்று பின்வாங்குகிற அதே ஆள் எடை ஏற்றுகிற மாஸ் கெயினர் டப்பாவைத் தோளில் சுமந்துகொண்டு சந்தோஷமாகப் போவார். பாலிலிருந்து எடுக்கிற வே புரதப் பவுடரை ஏதோ ஊசி மருந்து மாதிரிப் பார்க்கிற அம்மா, மகன் விழுங்குகிற கொழுப்பைக் கரைக்கும் என்று விற்கிற, ஊர்பேர் தெரியாத ஃபேட் பர்னர் குளிசையை வைட்டமின்தானே என்று விட்டுவிடுவார். எங்கள் ஆக்களின் பயம் தலைகீழான வரிசையில் இருக்கிறது என்பதுதான் என் கருத்து. அதனால் ஒவ்வொரு டப்பாவையும், அதே வேலையைச் செய்யக்கூடிய எங்கள் ஊர்ச் சாப்பாட்டோடு பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். கிழமைக்கு மூன்று நாலு நாள் ஜிம், மற்றபடி வேலை அல்லது படிப்பு, வீட்டுச் சாப்பாடு என்று இருக்கிறவர்களுக்கான கணக்கு இது. உடற்கட்டுப் போட்டிக்கு மேடையேறுகிறவர்களின் கணக்கு வேறு.

முதலில் உங்கள் கோப்பை

பாரம் தூக்கிப் பயிற்சி செய்கிறவர்களுக்கு உடல் எடையில் கிலோவுக்கு 1.6 கிராம் அளவு புரதம் போதும், அதற்கு மேல் போனால் தசை வளர்ச்சியில் பெரிய இலாபம் இல்லை என்று 49 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2018இல் வந்த ஒரு தொகுப்பாய்வு சொன்னது. 70 கிலோ ஆளுக்கு அது 112 கிராம்.

இனி எங்கள் வழக்கமான நாளைப் பாருங்கள். காலையில் சம்பலோடு பிட்டோ பாணோ, மிஞ்சிப்போனால் 8 கிராம். மத்தியானம் சோறு, பருப்பு, ஒரு துண்டு மீன், இதில் 35 வரை வரும். பின்னேரம் தேத்தண்ணியும் வடையும். இரவு றொட்டி அல்லது இடியப்பம், சொதி, கொஞ்சம் கறி. எல்லாம் கூட்டினால் 60 கிராமைச் சுற்றி நிற்கும். ஆக 50 கிராம் குறைகிறது. குறைகிற இடமும் தெளிவு: காலையும் இரவும். மத்தியானச் சாப்பாட்டில் பிழையே இல்லை, எங்கள் ஊர் மீன்கறிச் சோறு எந்த டப்பாவுக்கும் சளைத்ததல்ல.

இந்த 50 கிராமை நிரப்ப இரண்டு வழி. ஒன்று, நாலு முட்டை (24 கிராம்), இரவில் இன்னொரு நல்ல துண்டு மீன் (18 முதல் 20), ஒரு கிண்ணம் எருமைத் தயிர் (8, 9). மற்றது, டப்பாவோடு வருகிற அளவுக் கரண்டியால் இரண்டு ஸ்கூப் வே. வேலை ஒன்றுதான். வேயும் பாலிலிருந்து வருவது, பாலாடைக்கட்டி செய்யும்போது பிரிகிற நீரைக் காயவைத்த பொருள். அதில் மந்திரமும் இல்லை, விஷமும் இல்லை.

காசுக் கணக்கு

விலை நாளுக்கு நாள் மாறுகிற நாட்டில் ரூபாய்க் கணக்கு எழுதினால் அடுத்த மாதமே பழசாகிவிடும், 2022இல் டொலர் ஏறியபோது இந்த டப்பாக்களின் விலை போன போக்கை யாரும் மறந்திருக்கமாட்டார்கள். அதனால் மாறாத ஒரு கணக்கைத் தருகிறேன். 5 இறாத்தல், அதாவது 2.27 கிலோ வே டப்பாவில் 74 ஸ்கூப் அளவு இருக்கும், ஸ்கூப்புக்கு 24 கிராம் புரதம் என்றால் மொத்தம் 1,776 கிராம். ஒரு முட்டையில் 6 கிராம். ஆக அந்த டப்பா 296 முட்டைக்குச் சமம், 30 முட்டைத் தட்டுக் கணக்கில் பத்துத் தட்டு. கடைக்குப் போகும்போது இதை மட்டும் ஞாபகம் வைத்திருங்கள்: அன்றைக்குப் பத்துத் தட்டு முட்டை என்ன விலை, டப்பா என்ன விலை? டப்பா மிகக் கூட என்றால் நீங்கள் காசு கொடுப்பது புரதத்துக்கு அல்ல, வசதிக்கு.

மீனில் பார்த்தால் அதே அளவு புரதம் ஏழரைக் கிலோ சூரைச் சதையில் கிடைக்கிறது, மைசூர்ப் பருப்பிலும் கிட்டத்தட்ட ஏழரைக் கிலோதான். பருப்பு இந்த வரிசையில் மிக மலிவு. ஆனால் அதை மட்டும் நம்பி 50 கிராமை நிரப்பப் போனால் வயிறு ஊதும், புரதத்தின் தரமும் முட்டை, மீன் அளவுக்கு இல்லை. சோற்றோடு சேரும்போது ஒன்றின் குறையை மற்றது ஈடுசெய்யும், அதனால் பருப்பைத் தள்ளவேண்டாம். சோயா மீற் காய்ந்த நிறையில் பாதியளவு புரதம், மலிவு, ஏனோ ஜிம்காரர் யாரும் மதிப்பதில்லை. நெத்தலிக் கருவாட்டிலும் புரதம் அள்ளிக்கிடக்கிறது, உப்பும் அப்படியே, பிரஷர் உள்ள வீடுகளில் கவனம்.

இடையில் ஒன்று. பச்சை முட்டையை உடைத்துக் குடிக்கிற வீரர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவித்த முட்டையின் புரதத்தில் 90 வீதம் வரை உடலில் சேரும், பச்சையில் பாதிதான் என்று 1998இலேயே அளந்து பார்த்துவிட்டார்கள். நாலு முட்டை குடித்து இரண்டு முட்டையின் பலனும், அதிர்ஷ்டம் இல்லாவிட்டால் வயிற்றைக் கெடுக்கிற சல்மொனெல்லாக் கிருமியும்.

சரி, வே எங்கே வெல்கிறது? நேரம் இல்லாத இடத்தில். விடிய வேலைக்கு ஓடுகிறவருக்கு நாலு முட்டை அவிக்க யார் இருக்கிறார்கள்? போர்டிங்கில் அறை எடுத்துப் படிக்கிற பிள்ளைக்கு அடுப்பே இல்லை. வைகாசியில் கண்ணகி அம்மன் சடங்கு காலத்தில் மச்சம் ஒதுக்குகிற வீடுகளில் மீனும் முட்டையும் ஒருசேர நின்றுவிடும், அப்போது தயிர், சோயா, கடலையோடு ஒரு ஸ்கூப் வே இருந்தால் கணக்கு சரியாகும். நோன்பு மாதத்தில் காத்தான்குடி, ஏறாவூர், கல்முனைப் பக்கத்து ஆக்களுக்கும் அப்படித்தான்: சஹர் நேரத்தில் நிறையச் சாப்பிட முடியாதவருக்கு ஒரு கிளாஸில் 24 கிராம் என்பது பெரிய உதவி. ஹலால் முத்திரையைப் பார்த்து வாங்குங்கள். வேக்கு மட்டுமல்ல, ஜெலட்டின் உறை போட்ட எந்தக் குளிசைக்கும் அது பொருந்தும்.

பால் குடித்தால் வயிறு குழம்புகிறவர்கள் வேயில் சாதாரண கொன்சென்ட்ரேட் வகையை விட்டு, கூடச் சுத்திகரித்த ஐசொலேட் எடுக்கவேண்டும், அதில் பாற்சீனியான லக்டோஸ் மிகக் குறைவு, விலை கூட. மற்றவர்களுக்கு ஐசொலேட் வீண்செலவு. ஜிம் முடிந்து அரை மணி நேரத்துக்குள் குடிக்காவிட்டால் எல்லாம் வீண் என்ற அவசரமும் தேவையில்லை, நாள் முழுக்கச் சேர்ந்த தொகைதான் முக்கியம். வீட்டுக்குப் போய்க் குளித்துவிட்டு ஆறுதலாகச் சாப்பிடலாம்.

மாஸ் கெயினருக்கு எதிரே வாழைப்பழமும் கச்சானும்

இதில் எனக்கு நடுநிலை இல்லை. பிரபலமான சில மாஸ் கெயினர்களின் லேபலைப் பாருங்கள்: ஒரு வேளைக்கு 300 கிராமுக்கு மேல் பவுடர், 1,250 கலோரி வரை, அதில் புரதம் 50 கிராம், மாச்சத்து 250 கிராம். அந்த மாச்சத்தில் பெரும்பங்கு மோல்டோடெக்ஸ்ட்ரின், இரத்தத்தில் சீனியை ஏற்றுகிற வேகத்தில் மேசைச் சீனியையே முந்துகிற சாமான். 2.7 கிலோ டப்பா எட்டு வேளையோடு முடிந்துவிடும். மா வாங்கப் புரத விலை கொடுக்கிறோம். சீனி வருத்தம் இல்லாத குடும்பம் எங்கள் பக்கம் எத்தனை?

உடல் வைக்காத மெலிந்த தம்பிமாருக்கு உண்மையில் கலோரி தேவை, அதை மறுக்கவில்லை. 30 கிராம் பால்மா கரைத்த ஒரு கிளாஸ் பால், இரண்டு பெரிய வாழைப்பழம், 50 கிராம் வறுத்த கச்சான், மூன்றையும் அடித்துக் குடித்தால் 600 கலோரிக்கு மேல், புரதம் 20 கிராம் தாண்டும். சந்தையில் வாங்கிய சாமான், என்ன குடிக்கிறோம் என்று தெரியும்.

கிரியேட்டின்: சாப்பாடு தோற்கிற ஒரே இடம்

ஆச்சரியமாக இருக்கும், எல்லோரும் பயப்படுகிற இந்த வெள்ளைப் பவுடருக்குத்தான் நான் முதலிடம் கொடுப்பேன். கிரியேட்டின் எங்கள் உடலே தயாரிக்கிற பொருள், மீனிலும் இறைச்சியிலும் இருக்கிறது. ஆனால் நாளுக்குத் தேவைப்படும் 3 முதல் 5 கிராமை மீனிலிருந்து எடுப்பதென்றால் கிட்டத்தட்ட ஒரு கிலோ மீன் சாப்பிடவேண்டும், அதுவும் சமைக்கும்போது கொஞ்சம் போய்விடும். தினமும் யாரால் முடியும்? பவுடராக ஒரு சின்னத் தேக்கரண்டி, 300 கிராம் டப்பா 5 கிராம் கணக்கில் இரண்டு மாதம் போகும். பலம் தேவைப்படும் குறுகிய கடும் பயிற்சியில், இன்னும் இரண்டு தடவை தூக்க முடிகிற அளவுக்கு உதவும் என்பதில் விளையாட்டு விஞ்ஞானிகளிடையே பெரிய சண்டை இல்லை. சைவக்காரருக்குப் பலன் இன்னும் கூடத் தெரியலாம், அவர்களின் தசையில் ஆரம்ப இருப்பே குறைவு. முதல் கிழமை நாளுக்கு 20 கிராம் ஏற்றுகிற முறையும் உண்டு, அவசரம் இல்லாதவர் 3 கிராமோடு ஆரம்பித்தாலும் ஒரு மாதத்தில் அதே இடத்துக்கு வந்துவிடுவார். சாதாரண கிரியேட்டின் மொனோஹைட்ரேட் போதும், விலை கூடிய வகைகள் அதை வென்றதாகக் காட்டப்படவில்லை.

கிட்னிப் பயம் எங்கிருந்து வந்தது? இரத்தப் பரிசோதனையில் கிட்னியைப் பார்க்க அளப்பது கிரியேட்டினின். அது கிரியேட்டின் உடைந்து வருகிற கழிவு, பவுடர் எடுத்தால் அந்த எண் கொஞ்சம் ஏறும், கிட்னி நன்றாக வேலை செய்துகொண்டிருந்தாலும் ஏறும். விஷயம் தெரியாமல் ரிப்போர்ட்டைப் பார்த்தால் யாருக்கும் குலைநடுங்கும். அதனால் பரிசோதனைக்குப் போனால் வைத்தியரிடம் கிரியேட்டின் எடுப்பதைச் சொல்லுங்கள். ஏற்கனவே சிறுநீரக நோய், சீனி, பிரஷர் உள்ளவர்கள் கேட்காமல் தொடவேண்டாம். முப்பது தாண்டியவர்கள் ஆரம்பிக்கும் முன் ஒருமுறை பிரஷரும் இரத்தமும் பார்த்துவிடுவது நல்லது, எங்கள் ஆக்களில் கனபேருக்கு வருத்தம் இருப்பதே தெரியாது.

முடி கொட்டும் என்பது இன்னொரு கதை. 2009இல் தென்னாபிரிக்காவில் 20 ரக்பி வீரர்களை வைத்துச் செய்த ஒரு சின்ன ஆய்வில் ஒரு ஹோர்மோன் ஏறியது, அவ்வளவுதான், முடியை அவர்கள் எண்ணவே இல்லை. எடை ஒன்றிரண்டு கிலோ ஏறுவது உண்மை, அது தசைக்குள் சேர்கிற தண்ணீர். வறண்ட கச்சான் காற்று வீசுகிற மாதங்களில் தண்ணீரைக் கூட்டிக் குடியுங்கள், அதைப் பவுடர் எடுக்காதவர்களும் செய்யவேண்டும்.

பிரீ-வேர்க்அவுட்டா, கோப்பியா

பயிற்சிக்கு முன் உசாருக்குக் குடிக்கிற பிரீ-வேர்க்அவுட் டப்பாவில் உண்மையாக வேலை செய்வது கஃபீன், ஒரு ஸ்கூப்பில் 150 முதல் 300 மில்லிகிராம். இரண்டு தேக்கரண்டி கோப்பித் தூளில் 120 அளவு வந்துவிடும், பயிற்சிக்கு முக்கால் மணிக்கு முன் கடுங்கோப்பி ஒன்று குடித்தால் பெரும்பாலானவர்களுக்குப் போதும். முகமும் காதும் நுள்ளுகிற மாதிரி இருக்கிறதே, அதுதான் வேலை செய்கிறது என்கிறார்கள். அது டப்பாவில் சேர்க்கிற பீட்டா அலனின் என்ற அமினோ அமிலத்தின் பக்க விளைவு, ஆபத்தில்லை, ஆனால் அந்தச் சாமான் கிழமைக்கணக்கில் தினமும் எடுத்தால்தான் பலன் தரும், நுள்ளுவதற்கும் அன்றைய பாரத்துக்கும் சம்பந்தமில்லை. பின்னேரம் ஏழு மணிக்கு ஜிம்முக்குப் போகிறவருக்கு ஐந்து மணி நேரம் கழித்தும் அந்தக் கஃபீனில் பாதி இரத்தத்தில் இருக்கும், நித்திரை கெட்டால் தசை எங்கே வளர்வது?

பி.சி.ஏ.ஏ. பற்றி நீட்ட ஒன்றுமில்லை. தேவையான ஒன்பது அமினோ அமிலங்களில் மூன்று மட்டும், அந்த மூன்றும் முட்டையில், மீனில், வேயில் ஏற்கனவே இருக்கின்றன. மீனெண்ணெய்க் குளிசைக்குப் பதில் கிழமைக்கு இரண்டு நாள் சாளை. வியர்வைக்கு விற்கிற கலர்ப் பவுடருக்குப் பதில் இளநீர், ஆனால் அதில் பொட்டாசியம்தான் கூட, சோடியம் குறைவு, ஒரு சிட்டிகை உப்பு போடுங்கள்.

ஃபேட் பர்னர், அப்புறம் டப்பா வாங்குகிற விதம்

ஃபேட் பர்னருக்கு எதிரே நிறுத்த எதுவும் தேவையில்லை, வாங்காமல் விடுவதே போட்டியாளர். அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகமான எஃப்.டி.ஏ. 2007 முதல் 2016 வரை லேபலில் சொல்லாத மருந்து கலந்த 776 சப்ளிமென்ட்களைப் பதிவு செய்தது, அதில் 40 வீதம் எடை குறைக்கும் வகை. இருதய ஆபத்தால் 2010இல் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் சந்தையிலிருந்து எடுக்கப்பட்ட சிபுட்ரமின் இப்படிப்பட்ட குளிசைகளில் திரும்பத் திரும்ப அகப்பட்டது. மூலிகை என்றாலும் நம்ப முடியாது: 2011 உலகக் கிண்ணப் போட்டியின்போது இலங்கைக் கிரிக்கெட் வீரர் உபுல் தரங்கவின் சோதனையில் பிரெட்னிசோலோன் வந்தது, தோள் காயத்துக்கு எடுத்த மூலிகை மருந்து வழியாக. வேண்டுமென்று செய்யவில்லை என்று ஏற்றுக்கொண்டார்கள், ஆனாலும் மூன்று மாதத் தடை. பாடசாலை, மாவட்ட அணிகளுக்கு ஆடுகிற பிள்ளைகள் இதைக் கவனிக்கவேண்டும்.

வேயிலும் ஏமாற்று உண்டு. புரதத்தை நேரடியாக அளக்காமல் நைதரசனை அளந்துதான் கணக்குப் போடுகிறார்கள், அதனால் கிளைசின், டோரின் போன்ற மலிவான சாமானைக் கலந்தால் எண் ஏறிவிடும். 2008இல் சீனாவில் பால்மாவுக்குள் நைதரசன் கூடிய மெலமின் என்ற இரசாயனம் போனதும் இந்த ஓட்டை வழியாகத்தான். ஆகவே வாங்கும்போது உட்பொருள் பட்டியலில் கிளைசினோ டோரினோ தனியாகப் போட்டிருக்கிறதா என்று பாருங்கள், ஸ்கூப்பின் நிறையால் புரதத்தைப் பிரியுங்கள், 32 கிராமுக்கு 24 என்றால் நல்லது, 40க்கு 20 என்றால் மீதி என்னவென்று கேளுங்கள். இறக்குமதியாளர் பெயர் இல்லாத டப்பா, திகதி அழிந்த டப்பா, பிரித்துப் பொலித்தீன் பையில் போட்டு நிறுத்து விற்கிற பவுடர், இவை எதையும் ஜிம் மாஸ்டரே நீட்டினாலும் வாங்கவேண்டாம். போட்டிக்குப் போகிறவர் என்றால் சப்ளிமென்டில் தடை மருந்து இருக்கிறதா என்று சோதிக்கிற இன்ஃபோர்ம்ட் ஸ்போர்ட் அல்லது என்.எஸ்.எஃப். முத்திரை இருக்கிறதா பார்த்து, டப்பாவின் தொகுதி எண்ணை அவர்களின் தளத்தில் போட்டுத் தேடுங்கள்.