அண்ணனாக இருப்பதா, கணக்கில் சுத்தமாக இருப்பதா?

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியின் தையல் பிரிவை 11 வருடமாகப் பார்த்துக்கொள்கிறேன். டெய்லர்கள் 40 பேர். செக்கிங், அயர்னிங் எல்லாம் சேர்த்தால் 70 பேர். பொறுப்புக்கு வந்த புதிதில், இவர்கள் என்னை நம்ப இரண்டு வழிதான் தெரிந்தது. ஒன்று, எல்லோருக்கும் அண்ணனாக இருப்பது. இன்னொன்று, கணக்கில் சுத்தமாக இருப்பது. முதல் 5 வருடம் அண்ணனாக இருந்தேன், அப்புறம் மாறினேன். இன்று யார் கேட்டாலும் தயங்காமல் இரண்டாவதைத்தான் சொல்வேன்.

பொய் பேசக் கூடாது, நாலு பேர் முன்னால் திட்டக் கூடாது என்பதெல்லாம் இரண்டு வழிக்கும் பொது. அதை விட்டுவிடலாம்.

அண்ணனாக இருப்பது என்றால், அவர்களோடு நின்று டீ குடிப்பது, காதுகுத்து, சீர் என்று அழைத்தால் போய் மொய் வைப்பது, ஸ்கூல் ஃபீஸுக்குக் கைமாத்துக் கொடுப்பது. இரண்டே மாதத்தில் பலன் தெரியும். ஷிப்மென்ட் அவசரம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், ஒன்றரை ஷிஃப்ட் நின்று முடித்துக் கொடுப்பார்கள். ஓவர்டைமுக்கு இரட்டைச் சம்பளம் என்பது 1948 தொழிற்சாலைகள் சட்டத்திலேயே இருந்தது. 'அண்ணனுக்காக' என்று நின்றவர்களுக்கு அது சரியாக ஏறியதா என்று அந்த நாட்களில் நான் பார்த்ததே இல்லை. இன்னும் உறுத்துகிறது.

கணக்கு வழி மெதுவாகத்தான் நகரும். புது ஸ்டைல் லைனில் ஏறும் முன்பே ஓவர்லாக், பேட்லாக் என்று ஒவ்வொரு தையல் வகைக்கும் பீஸ் ரேட்டை, அதாவது ஒரு பீஸுக்கு எவ்வளவு கூலி என்பதை, போர்டில் எழுதிவிட வேண்டும். எழுதியதைப் பாதியில் குறைக்கக் கூடாது. சனிக்கிழமை சம்பளக் கவர் கொடுக்கும்போது, யார் எத்தனை பண்டல் என்ற டேலி நோட்டு மேஜைமேல் திறந்தே கிடக்க வேண்டும். முதல் நாலு மாதம் அந்த நோட்டை ஒருவரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

என்னை மாற வைத்தது ஒரே விஷயம். சம்பளத்தில் குறை வந்தால் ஆள் வாய் திறந்து கேட்கிறாரா?

நான் அண்ணனாக இருந்த காலத்தில், ஓவர்லாக் ஓட்டிய ஒரு பெண் திடீரென்று நின்றுவிட்டார். ஒரு மாதம் கழித்துப் பஸ் ஸ்டாப்பில் பார்த்து, ஏன் வரவில்லை என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார். அப்புறம் சொன்னார்: "மூணு வாரமா ஒரொரு பண்டல் கொறஞ்சுதுங்ண்ணா. நீங்க எங்க பாப்பா சீருக்கு வந்து மொய் வெச்சவரு. உங்ககிட்டப் போயி 45 ரூவா எப்படிங்க கேக்கறது?"

பண்டலுக்கு 30 பீஸ், பீஸுக்கு ஒன்றரை ரூபாய். டேலி எழுதிய பையன் விட்டிருக்கிறான். மூன்று வாரத்துக்கு 135 ரூபாய். அதைக் கேட்பதைவிட வேறு கம்பெனிக்குப் போவது அவருக்குச் சுலபமாக இருந்திருக்கிறது. யாரும் என்னிடம் கணக்குக் கேட்டதில்லை என்று அதுவரை பெருமையாக நினைத்திருந்தேன்.

மாறிய பிறகு நடந்தது இது. ஒடிசாவிலிருந்து வந்த ஒரு பையன், தமிழ் பத்து வார்த்தைகூடத் தெரியாது. அவனுக்கு நான் அண்ணனாக ஆக வழியே இல்லை. ஒரு சனிக்கிழமை கவரை வாங்கியவன் போகாமல் நின்றான். போர்டில் இருந்த 1.40-ஐ விரலால் காட்டினான், கவரில் எழுதியிருந்த 1.30-ஐக் காட்டினான். "கம் ஹை" என்றான், குறைகிறது என்று. கவரில் எழுதியதில்தான் தப்பு. அங்கேயே வித்தியாசத்தை எண்ணிக் கொடுத்தேன். அடுத்த மாதம் தன் ரூமில் இருந்த இரண்டு டெய்லர்களைக் கூட்டிக்கொண்டு வந்தான்.

1995-இல் மெக்அலிஸ்டர் என்ற ஆய்வாளர், வேலையிடத்தில் வரும் நம்பிக்கையை மனசால் வருவது, அறிவால் எடைபோட்டு வருவது என்று இரண்டாகப் பிரித்தார். இரண்டாவது ஓரளவு இருந்தால்தான் முதலாவது வேர் பிடிக்கும் என்பது அவர் வாதம். படித்தபோது அந்த 45 ரூபாய்தான் ஞாபகம் வந்தது. இப்போதும் நான் காதுகுத்துக்குப் போகிறேன், மொய் வைக்கிறேன். ஆனால் டேலி நோட்டுக்கு அப்புறம்தான் அது.

பத்துப் பேரை வைத்து ஜாப் ஒர்க் செய்கிறவருக்கு அண்ணன் வழியே போதுமாக இருக்கலாம். எல்லார் கணக்கும் அவர் தலையிலேயே இருக்கும். மெர்ச்சண்டைசிங் மாதிரி ஆபீஸ் வேலையில் ஆட்களை நான் நடத்தியதில்லை. அங்கே பீஸ் ரேட் கிடையாது, போர்டுக்குப் பதில் எதை வைப்பது என்று அங்கே இருப்பவர்கள்தான் சொல்ல வேண்டும்.

கணக்கு வழியில் ஒரு கஷ்டம் உண்டு. ஒரு நாள்கூட விட முடியாது. போன மாதம் ஒரு அவசர ஆர்டர். ரேட் எழுதாமலே காலை 9 மணிக்குப் பண்டலை லைனில் இறக்கிவிட்டேன். மோட்டார் சத்தமே வரவில்லை. திரும்பிப் பார்த்தால் 40 பேரும் மெஷினில் உட்கார்ந்தபடி போர்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "எழுதிருங்ண்ணா, ஓட்டிரலாம்" என்றார் முன் வரிசையில் ஒருவர். சாக்பீஸைத் தேடி எடுத்தேன்.