ஆன்சர் கீ அப்ஜெக்‌ஷன் எழுதித் தரும் கோச்சிங் சென்டர்: 300 ரூபாய்க்குத் தகுமா?

டிபார்ட்மெண்ட் கோட்டாவில் எஸ்.ஐ. தேர்வு எழுதிவிட்டு, ஓ.எம்.ஆர். நகலைக் கையில் வைத்துக்கொண்டு ஆன்சர் கீயோடு (விடைக்குறிப்பு) மல்லுக்கட்டிக்கொண்டிருக்கும் ஏட்டுகளுக்கும் காவலர்களுக்கும்தான் இந்த ரிவ்யூ. சென்டரின் பெயரையும் ஊரையும் போடவில்லை. குறையும் நிறைய சொல்லப்போகிறேன், வீண் வம்பு எதற்கு.

அவர்கள் செய்வது இவ்வளவுதான். கீயில் தப்பு இருக்கிறது என்று நமக்குத் தோன்றும் கேள்வி எண்ணைக் கொண்டுபோக வேண்டும், அது நிற்குமா நிற்காதா என்று பார்த்து, ஆதாரம் எடுத்து, மனு டைப் செய்து, அனுப்புகிற வேலை வரை முடித்துத் தருகிறார்கள். கேள்விக்கு 300 ரூபாய். இதை நாமே செய்ய முடியாதா என்றால் தாராளமாக முடியும், ஆனால் கீ வெளியாகிற வாரம் பார்த்துத்தான் நமக்குத் திருவிழா பந்தோபஸ்தும் கோர்ட் டூட்டியும் சேர்ந்து வரும், ஆட்சேபணைக்குக் கொடுக்கிற அவகாசமோ விரல் விட்டு எண்ணுகிற நாட்கள். மொத்த இடத்தில் 20 சதவீதம்தான் துறையில் இருப்பவர்களுக்கு, அதற்கு மாநிலம் முழுக்கப் போட்டி என்கிறபோது ஒரு கேள்வியைச் சும்மா விட மனசு வராது.

நான் கொண்டுபோன கேள்வி இது: பி.என்.எஸ்.எஸ். (சி.ஆர்.பி.சி.க்குப் பதிலாக வந்த புதுக் குற்றவியல் நடைமுறைச் சட்டம்) பிரிவு 173(2)-ன்படி எஃப்.ஐ.ஆர். நகலை யாருக்கு இலவசமாகக் கொடுக்க வேண்டும்? தகவல் தந்தவர், பாதிக்கப்பட்டவர், எதிரி (குற்றம் சாட்டப்பட்டவர்), நடுவர் (மாஜிஸ்திரேட்) என்று நாலு விடைகள். கீயில் தகவல் தந்தவர் மட்டும். ஸ்டேஷனில் ரைட்டர் வேலை பார்த்தவர்களுக்கு உடனே பொறி தட்டும். பழைய சி.ஆர்.பி.சி. 154(2)-ல் தகவல் தந்தவர் மட்டும்தான் இருந்தார், 2024 ஜூலை 1-ல் புதுச் சட்டம் நடைமுறைக்கு வந்தபோது அதே இடத்தில் 'அல்லது பாதிக்கப்பட்டவர்' என்பதும் சேர்ந்துவிட்டது. பழைய கைடில் பிரிவு எண்ணை மட்டும் அடித்துத் திருத்தி, உள்ளே இருப்பதை அப்படியே விட்டால் இப்படித்தான் ஆகும். அந்த மாதிரி கைடுகள் இன்னும் கடையில் தொங்கிக்கொண்டுதான் இருக்கின்றன, அதையும் 2025 பதிப்பு என்று அட்டை மாற்றி விற்கிறார்கள்.

இந்த சென்டரில் சட்டப் பகுதியைப் பார்ப்பவர் ஓய்வுபெற்ற அதிகாரி ஒருவர், எல்லோரும் ஐயா என்றுதான் கூப்பிடுகிறோம். என் சான்றுகளைப் பார்த்தவுடன் கைடு ஜெராக்ஸையெல்லாம் எடுத்து ஓரமாக வைத்துவிட்டார். "தம்பி, கைடுக்குக் கைடு காட்டினா அங்க யாரும் மதிக்க மாட்டாங்க. அரசிதழ்ல இருக்கிற வாசகத்தைக் கொடு, மிச்சத்தை அதுவே பேசும்" என்றார். சட்ட வாசகம் உள்ள பக்கத்தை எடுத்து, அந்த ஒரு வரியில் மட்டும் கோடு போட்டு, கீழே நாலே வரி மனு. கீயில் உள்ள விடை தவறு என்று எழுதவில்லை, இரண்டு விடையும் பிரிவின்படி சரி, ஆகவே இரண்டுக்கும் மதிப்பெண் தர வேண்டும் என்று மட்டும். நான் எழுதிக் கொண்டுபோனது ஒன்றரைப் பக்கம், அதில் பாதி என் சர்வீஸ் வருடங்களும் குடும்ப நிலையும். அதைப் படித்துவிட்டு அவர் ஒன்றும் சொல்லவில்லை, மடித்துத் திருப்பிக் கொடுத்தார். அதற்கே 300 ரூபாய் தரலாம்.

ஏன் இவ்வளவு கறார் என்று கேட்டதற்கு அவர் சொன்ன விஷயம் எல்லோருக்கும் தெரிய வேண்டியது. 1983-ல் கான்பூர் பல்கலைக்கழக வழக்கில் உச்ச நீதிமன்றம், கீ சரி என்றே முதலில் எடுத்துக்கொள்ள வேண்டும், அது தவறு என்பது பளிச்சென்று தெரிய வேண்டும், சுற்றி வளைத்து வாதம் பண்ணி நிரூபிக்கிற மாதிரி இருக்கக் கூடாது என்று சொல்லிவிட்டது. 2017-ல் ரண் விஜய் சிங் வழக்கில் இன்னும் ஒரு படி மேலே போய், சந்தேகம் வந்தால் அதன் பலன் தேர்வு நடத்துபவருக்கு, எழுதியவருக்கு அல்ல என்றது. நம் கோர்ட்டில் சந்தேகத்தின் பலன் எதிரிக்குப் போவதைப் பார்த்துப் பழகிய நமக்கு இது கொஞ்சம் கசக்கத்தான் செய்யும். அதனால் கோர்ட்டில் பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்காமல் அப்ஜெக்‌ஷனிலேயே சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட வேண்டும்.

இன்னொன்று, இரண்டு விடைக்கும் மார்க் கேட்பது எப்போதும் பலிக்காது. 2024 நீட் தேர்வில் ஒரு இயற்பியல் கேள்விக்குப் பழைய என்.சி.இ.ஆர்.டி. புத்தகத்தைக் காரணம் காட்டி இரண்டு விடைகளை ஏற்றுக்கொண்டார்கள். உச்ச நீதிமன்றம் டெல்லி ஐ.ஐ.டி.யிலிருந்து மூன்று நிபுணர்களைப் பார்க்கச் சொன்னது, அவர்கள் ஒரே விடைதான் சரி என்றார்கள், 61 ஆக இருந்த முழு மதிப்பெண்காரர்கள் 17 ஆகிவிட்டார்கள். அங்கே பழைய புத்தகம், இங்கே புதுச் சட்டம். நம் கேள்வியில் பிரிவு எண்ணே புதுச் சட்டத்தினுடையது என்பதால் நிற்கும் என்பது ஐயாவின் கணக்கு, எனக்கும் அப்படித்தான் படுகிறது.

சரி, குறைக்கு வருகிறேன். ஐயா இருக்கும் நேரம் மாலை மட்டும். மற்ற நேரம் கவுண்டரில் இருக்கும் பையன் நாம் எந்த எண்ணைச் சொன்னாலும் "போட்டுடலாம் சார், வாய்ப்பு இருக்கு" என்கிறான். ஐந்து கேள்விக்கு மொத்தமாக 1200 என்று ஒரு பேக்கேஜ் வேறு. எனக்கு முன்னால் நின்ற ஆயுதப்படை நண்பர் ஒருவரிடம், சட்டத்திலேயே நேரடியாக விடை இருக்கிற, கீயும் அதையே சொல்கிற ஒரு சாதாரணக் கேள்விக்கும் சேர்த்துப் பணம் வாங்கினார்கள். நிற்காத கேள்விக்கு நிற்காது என்று சொல்வதுதானே இந்த சேவை, அதை மாலையில் மட்டும் செய்தால் எப்படி? அப்புறம் ஒரே மனுவைப் பெயரை மட்டும் மாற்றிப் பத்துப் பேருக்கு அடித்துக் கொடுக்கிறார்கள். எண்ணிக்கை அதிகமானால் பலம் என்று அவர்கள் வாதம். ஆதாரம் ஒன்றாக இருந்தால் ஒன்றும் பத்தும் ஒன்றுதான் என்பது என் எண்ணம், ஆனால் அதே எழுத்துப்பிழையோடு பத்து மனு போனால் நன்றாகவா இருக்கும்?

ஸ்கேன் சுமார். என் பக்கத்தில் கோடு போட்ட வரியே மங்கலாக வந்திருந்தது, திரும்ப எடுக்கச் சொல்ல வேண்டியிருந்தது.

இறுதி கீ இன்னும் வரவில்லை. வந்தபின் என் கேள்வி என்ன ஆனாலும் ஐயாவின் வேலைக்கு அஞ்சுக்கு நாலு, கவுண்டருக்கு இரண்டு. போகிறவர்கள் ஆறு மணிக்கு மேல் போங்கள், ஒரே ஒரு கேள்வியோடு போங்கள், பேக்கேஜ் வேண்டாம். அனுப்பியதற்கான ஒப்புகை நகலை அவர்களாகத் தர மாட்டார்கள், பணம் கொடுப்பதற்கு முன்னால் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.