யூத நெறியில் வேளாண்மை பயில: கனெக்டிகட்டா, பெர்க்லியா, அராவா பாலைநிலமா?

யூத மரபின் வழியே நீடித்த வேளாண்மையைக் கற்க விரும்புவோரிடம் பெரும்பாலும் மூன்று இடங்களின் பெயர்கள் சொல்லப்படுகின்றன. அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் ஃபால்ஸ் வில்லேஜ் என்ற சிற்றூரில் உள்ள ஆதாமா ஒன்று. கலிபோர்னியாவின் பெர்க்லி நகருக்குள்ளேயே பயிர் செய்யும் அர்பன் ஆதாமா மற்றொன்று. இஸ்ரேலின் தெற்கே, அராவா பாலைநிலத்தில் உள்ள கெத்துரா, லோத்தான் ஆகிய கிப்புட்ஸ் என்னும் கூட்டு வாழ்வுக் குடியிருப்புகள் மூன்றாவது. யூத வேதமான தோராவின் வேளாண் கட்டளைகளில் பெரும்பகுதி இஸ்ரேல் மண்ணோடு கட்டப்பட்டவை என்பதால், அராவாவுக்குப் போவதே முறை என்று முதற்பார்வையில் தோன்றும். அந்த எண்ணம் எவ்வளவு தூரம் நிற்கும் என்று பார்ப்பதற்காகவே இந்த ஒப்பீடு.

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். ஃபால்ஸ் வில்லேஜில் இசபெல்லா ஃப்ரீட்மன் தங்கல் மையத்தை ஒட்டி 2003இல் தொடங்கிய மூன்று மாத உறைவிடப் பயிற்சிக்கே ஆதாமா என்று பெயர். அதை நிறுவிய ஆடம் பெர்மன்தான் பின்னர் பெர்க்லியில் அர்பன் ஆதாமாவையும் உருவாக்கினார். ஆனால் அது தனி அமைப்பு. 2023இல் ஹசோன், பேர்ல்ஸ்டோன் என்ற இரு அமைப்புகள் இணைந்து ஆதாமா என்ற பெயரையே சூடிக்கொண்டதால், விண்ணப்பிப்பவர் எந்த ஆதாமாவுக்கு எழுதுகிறோம் என்பதை இருமுறை பார்த்துக்கொள்வது நல்லது.

இனிச் சட்டத்துக்கு வருவோம். ஏழாண்டுக்கு ஒருமுறை நிலத்தை உழாமல், விதைக்காமல் விட்டு, தானாக விளைந்ததை எல்லோருக்கும் பொதுவாக்கும் ஷ்மிட்டா என்ற ஓய்வாண்டே இந்தக் கல்வியின் முதுகெலும்பு. லேவியராகமம் 25ஆம் அதிகாரத்தில் வரும் இந்தக் கட்டளை அமெரிக்க மண்ணுக்குப் பொருந்தாது. ஆகவே கனெக்டிகட்டிலும் பெர்க்லியிலும் ஒரு பாத்தியைத் தரிசாக விடுவதும், ஓய்வாண்டைப் பாடமாக எடுத்துப் பேசுவதும் தாமாக ஏற்றுக்கொள்ளும் ஒழுக்கங்களே தவிர கடமைகள் அல்ல. இஸ்ரேலிலோ அது உழவரின் வருமானத்தைத் தொடும் உண்மையான சிக்கல். 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்தே, நிலத்தை அந்த ஆண்டுக்கு மட்டும் யூதரல்லாத ஒருவருக்கு விற்றுவிட்டு வழக்கம்போல் பயிரிடும் ஏற்பாடு நடந்துவருகிறது. அதை ஏற்காத ரப்பிகள் (யூத சமய அறிஞர்கள்) இன்றளவும் இருக்கிறார்கள். ஆனால் இங்கே ஒரு விந்தை இருக்கிறது. வேதகால எல்லைகளைக் கணக்கிடும் ரப்பிகளில் பலர், தெற்கு அராவா அந்த எல்லைக்கு வெளியே கிடக்கிறது என்றே கருதுகிறார்கள். அதனால் ஓய்வாண்டில் கண்டிப்பான யூதக் குடும்பங்கள் தேடி வாங்கும் காய்கறிகளில் அராவாவின் விளைச்சலும் அடங்கும். கட்டளை மண்ணைப் பிடித்திருப்பதைக் கண்ணால் காணவேண்டும் என்று இவ்வளவு தொலைவு பயணம் செய்பவர், அந்தப் பிடி தளரும் இடத்தில் போய் இறங்கியிருப்பார்.

நட்ட மரத்தின் கனியை முதல் மூன்று ஆண்டுகள் உண்ணலாகாது என்னும் ஓர்லா விதி மட்டும் வேறு வகை. அது இஸ்ரேலுக்கு வெளியேயும் செல்லும். மூன்று மாதம் தங்கிப் பயில வந்தவர் மரக்கன்று நட்டால், அதன் கனி அவருக்கில்லை என்பதைத் தொடக்கத்திலேயே சட்டம் சொல்லிவிடுகிறது. குறுகிய காலப் பயிற்சிக்கு இதைவிடப் பொருத்தமான பாடம் கிடைப்பது அரிது.

நாட்காட்டியை வைத்துப் பார்த்தால் வரிசை மாறிவிடுகிறது. யூதப் பண்டிகைகள் மத்தியதரைக் கடலோரத்தின் பருவங்களைப் பின்பற்றி அமைந்தவை: கூடாரப் பண்டிகையின் முடிவில் மழைக்கான வேண்டல், பஸ்காவில் பனித்துளிக்கான வேண்டல், குளிர்காலத்தின் நடுவே மரங்களின் புத்தாண்டு. இஸ்ரேலில் பாதாம் பூக்கும் அந்த நாளில் கனெக்டிகட்டின் வயல் பனிக்கடியில் உறைந்து கிடக்கும். கோடையில் வறண்டு, குளிர்காலத்தில் மழை பெறும் பெர்க்லியிலோ, மழை வேண்டும் வழிபாடு ஏறக்குறைய மழை தொடங்கவேண்டிய காலத்திலேயே வருகிறது. அத்தி, ஒலிவம், மாதுளை, திராட்சை எல்லாம் அந்தத் தட்பவெப்பத்தில் வளரக்கூடியவை. ஆண்டு முழுவதும் ஏறத்தாழ 30 மில்லிமீட்டர் மழையே காணும் அராவாவில் அந்த வேண்டலுக்கும் பாத்திக்கும் நேரடித் தொடர்பே இல்லை. அங்கே பயிரைக் காப்பது உவர்ப்பான நிலத்தடி நீரும் சொட்டுநீர்க் குழாய்களும்தான். பண்டிகைக்கும் பருவத்துக்கும் உள்ள உறவை உடலால் உணர விரும்புபவருக்கு, வேதம் பிறந்த நாட்டின் பாலைநிலத்தைவிடப் பசிபிக் கடலோர நகரமே ஏற்றது என்பது என் கணிப்பு.

விளைச்சல் யாருக்குப் போகிறது என்பதிலும் பெர்க்லி முந்திக்கொள்கிறது. வயலின் ஓரத்தை அறுக்காமல் ஏழைகளுக்கு விடவேண்டும் என்கிறது லேவியராகமம் 19ஆம் அதிகாரம். அது அறுபதில் ஒரு பங்குக்குக் குறையலாகாது என்று பழைய யூதச் சட்டத் தொகுப்பான மிஷ்னா அளவும் வைத்தது. 2011இல் தட்டுகளின் மேல் பெயர்த்து வைக்கத்தக்க பெட்டிப் பாத்திகளோடு தற்காலிக மனையில் தொடங்கிப் பின்னர் 2.2 ஏக்கர் சொந்த இடத்துக்கு நகர்ந்த அர்பன் ஆதாமா, ஓரத்தோடு நில்லாமல் விளைச்சலில் பெரும்பகுதியையே இலவசமாக வழங்கும் வழக்கத்தை வளர்த்துக்கொண்டது. ஃபால்ஸ் வில்லேஜின் பலம் வேறு இடத்தில் இருக்கிறது. கிழக்கு ஐரோப்பிய யூதச் சமையலறையின் நொதிக்கவைத்த முட்டைக்கோசும் வெள்ளரியும் அங்கே பாடமாகவும் விற்பனைப் பண்டமாகவும் ஆகின்றன. விடியலில் வெளியே நின்று பாடும் வழிபாடு, பகலில் வயல் வேலை, யூத உணவு விதிகளின்படி நடக்கும் கோஷர் சமையலறை, வெள்ளி மாலை முதல் கருவிகளைக் கீழே வைத்துவிடும் ஓய்வுநாள் என்று, சேர்ந்து வாழும் நாளின் முழு ஒழுங்கும் மரபுக்குள் வந்துவிடுகிறது. உழுதல், விதைத்தல், அறுத்தல் மூன்றும் ஓய்வுநாளில் விலக்கப்பட்ட வேலைகள் என்பதால், வெள்ளிக்கிழமையின் திட்டமிடல் அங்கே தனிக் கலை.

ஊடுபயிரில்தான் நவீன இயற்கை வேளாண்மையும் பழைய சட்டமும் நேருக்கு நேர் மோதுகின்றன. ஒரே வயலில் பலவகை விதைகளைக் கலந்து விதைப்பதைத் தடுக்கிறது கிலாயிம் விதி. மக்காச்சோளம், அவரை, பூசணி மூன்றையும் பின்னிப் பிணைத்து வளர்க்கும் அமெரிக்கப் பழங்குடி முறையை கனெக்டிகட்டில் தடையின்றிச் செய்யலாம். விதைக் கலப்புக்கான இந்தத் தடை இஸ்ரேலுக்கு வெளியே பொருந்துவதில்லை. இஸ்ரேலில் அதையே விதியோடு செய்ய முற்பட்டால் அளவுகோலை எடுக்கவேண்டும். ஆனால் மிஷ்னா கதவை முழுவதும் சாத்திவிடவில்லை: ஆறு கையகல நீளமும் ஆறு கையகல அகலமும் உள்ள பாத்தியில், நாற்புறமும் ஒவ்வொன்று, நடுவில் ஒன்று என ஐந்து வகை விதைகளுக்கு அது இடம் தருகிறது. கலப்பை மறுத்தபடியே பன்மையை அனுமதிக்கும் இந்த வரைபடத்தை எந்தப் பயிற்சி மையமும் முதல் வாரத்திலேயே மண்ணில் வரைந்து காட்டவேண்டும் என்பேன்.

அராவாவை இதனால் தள்ளிவிட முடியாது. தொழில்நுட்பத்தில் மற்ற இரண்டும் அதன் அருகே வரா. கெத்துராவில் 1996 முதல் இயங்கும் அராவா சுற்றுச்சூழல் ஆய்வு நிறுவனத்தில் இஸ்ரேலியரும் பாலஸ்தீனரும் ஜோர்டானியரும் ஒரே வகுப்பில் நீரையும் ஆற்றலையும் பயின்றிருக்கிறார்கள். மசாதாக் கோட்டையில் கிடைத்த ஏறத்தாழ 2000 ஆண்டுப் பழமையான பேரீச்சை விதையை 2005இல் முளைக்கவைத்தவர் அங்கே பணியாற்றிய எலைன் சோலோவே. மெத்தூசலா என்று பெயரிடப்பட்ட அந்த மரம் ஆணாகிப் போனதால் காய்க்கவில்லை. ஆனால் அதன் மகரந்தம் கொண்டு மற்றொரு பழைய விதையின் பெண்மரம் 2020இல் கனி தந்தது. பக்கத்திலுள்ள லோத்தான், சீர்திருத்த யூத இயக்கத்தார் 1983இல் அமைத்த குடியிருப்பு; மண்ணும் வைக்கோலும் கொண்டு வீடு கட்டுவதிலும் கழிவை உரமாக்குவதிலும் அது பெயர் பெற்றது. எனினும் கெத்துராவின் வகுப்பறை சமயக் கல்விக்காக அமைந்ததன்று. அங்கே மரபு குடியிருப்பின் வாழ்க்கையில் இருக்கிறது. பாடத்திட்டத்தின் நடுவில் இருப்பது அறிவியலும் எல்லை கடந்த உரையாடலும்தான்.

ஆகவே வழிபாடும் வயலும் ஒன்றாகும் வாழ்வை முதன்மையாக நாடுபவருக்கு ஃபால்ஸ் வில்லேஜ். பருவமும் பகிர்வும் வேண்டுபவருக்கு பெர்க்லி. உழவையே தொழிலாகக் கொண்டு வறண்ட நிலத்தில் பயிர் எழுப்ப விரும்புபவருக்கு அராவா. மூன்றே மாதத்தில் ஒருவர் உழவராகிவிட முடியாது என்பதால், அமெரிக்க மையங்களில் முடித்தவர் குறைந்தது ஒரு முழுப் பருவமாவது வணிகப் பண்ணை ஒன்றில் வேலை செய்தபிறகே நிலம் தேடவேண்டும். ஓய்வாண்டின் சட்டத்தையே நேரில் காண விழைபவர் அடுத்த ஷ்மிட்டா தொடங்கும் 2028 செப்டம்பர் வரை பொறுத்திருந்து, அராவாவைத் தாண்டி வடக்கே, அந்தச் சட்டத்தை ஐயத்துக்கிடமின்றிக் கடைப்பிடிக்கும் சமய நெறிக் குடியிருப்பு ஒன்றில் இடம் கேட்கட்டும்.