உப்புக்கொத்தியின் கால் நிறம் தெரிய வேண்டுமா? ஸ்பாட்டிங் ஸ்கோப் வாங்குங்கள்

கரைப்பறவைகளைப் பார்க்கத் தொடங்குபவர்கள் கேமராவா, ஸ்பாட்டிங் ஸ்கோப்பா (முக்காலியில் வைத்துப் பார்க்கும் சிறு தொலைநோக்கி) என்று தயங்குகிறார்கள். ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் ஸ்கோப்பையே வாங்குங்கள். நான் வைத்திருப்பது நடுத்தர விலையிலான 20 முதல் 60 மடங்கு ஸ்கோப். முகப்பு வில்லை 80 மி.மீ., கண்வில்லை சாய்வானது. தனுஷ்கோடி மணல்திட்டுகளிலும் கோடியக்கரை உப்பளங்களிலும் அதைப் பயன்படுத்தி வருகிறேன்.

பறவையின் பெயரை நம்பி இனம் காண முடியாது என்பதே இந்தச் செலவுக்கு முதல் காரணம். கெண்டிஷ் உப்புக்கொத்தி என்ற சிறு கரைப்பறவைக்கு இங்கிலாந்தின் கெண்ட் மாவட்டத்தில் கிடைத்த மாதிரிகளால் அப்பெயர் வந்தது. அதற்கு முன்பே, 1758-இல், ஸ்வீடன் இயற்கையியலாளர் லின்னேயஸ் அதன் அறிவியல் பெயரில் எகிப்தின் அலெக்சாண்டிரியா நகரின் பெயரைக் கொடுத்திருந்தார். தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் கூடு கட்டும் உப்புக்கொத்தியை 1915-இல் அதன் கிளையினமாகச் சேர்த்து, ஹென்றி சீபோம் என்ற ஆங்கிலேயப் பறவையியலாளரின் நினைவாக 'சீபோமி' என்றார்கள். மரபணுவையும் உடல் அளவுகளையும் ஒப்பிட்ட ஆய்வு 2023-இல் வந்த பிறகுதான் அது தனி இனம் என்று ஏற்கப்பட்டது. இரண்டும் ஏறத்தாழ 12 லட்சம் ஆண்டுகளுக்கு முன்பே பிரிந்தவையாம். ராமர் பாலத்தின் இரு கரையிலும் வாழ்வதால் இப்போது அது அனுமன் உப்புக்கொத்தி. நம் கரையில் பிறக்கும் பறவைக்கு நம் கரையோடு ஒட்டிய பெயர் வாய்த்ததில் எனக்குப் பெரும் மகிழ்ச்சி.

குளிர்காலத்தில் கெண்டிஷும் வந்து சேர்ந்துகொள்ளும்போது எப்படிப் பிரிப்பது? கெண்டிஷுக்குக் கால் கறுப்பு. அனுமனுக்குச் சாம்பல் சாயல், உடலும் சற்றுச் சிறியது. இனப்பெருக்கக் காலத்தில் கெண்டிஷ் ஆணுக்கு அலகிலிருந்து கண்வரை கறுப்புக் கோடும் உச்சந்தலையில் செம்பழுப்பும் இருக்கும். அனுமனுக்கு அலகுக்கும் கண்ணுக்கும் இடையே வெளுப்பு. ஈர மணலில் ஓடி, நின்று, மீண்டும் ஓடும் பறவையிடம் இவற்றைப் பார்க்க 8 மடங்கு பைனாகுலர் போதாது. ஸ்கோப்பில் 30 மடங்கு வைத்தால் கால் நிறம் தெளிவாகத் தெரிகிறது.

கொசு உள்ளான், டெம்மின்க் உள்ளான் என்ற சிறு கரைப்பறவைகளும் அப்படித்தான். இரண்டுக்கும் 1812-இல் அறிவியல் பெயரிட்டவர் ஜெர்மன் இயற்கையியலாளர் லைஸ்லர். டெம்மின்க் என்பவர் நெதர்லாந்தின் லைடன் அருங்காட்சியகத்தின் முதல் இயக்குநர். அவர் பெயர் தெரிந்து நமக்கென்ன பயன்? முன்னதற்குக் கால் கறுப்பு, பின்னதற்கு மஞ்சள் கலந்த பச்சை. களத்தில் கைகொடுப்பது அதுதான். சேறு அப்பியிருந்தால் அதுவும் ஏமாற்றும். பறவை நீரில் காலை நனைக்கும்வரை காத்திருங்கள்.

60 மடங்கைப் பார்த்து வாங்காதீர்கள். 80 மி.மீ. வில்லையில் அந்த உருப்பெருக்கத்துக்குக் கண்ணுக்கு வந்து சேரும் ஒளிக்கற்றை 1.3 மி.மீ. அகலம்தான், படம் இருண்டுவிடும். வெயில் ஏறியதும் மணல்மேல் கானல் அலையும்போது உருப்பெருக்கினால் அலைதான் பெரிதாகும். விடியலில் 40, பிறகு 25 முதல் 30 போதும். சாய்ந்த கண்வில்லையையே பரிந்துரைக்கிறேன். குழுவாகப் போகும்போது முக்காலியை உயரமானவருக்காக ஏற்ற வேண்டியதில்லை; குழந்தைகளும் பார்க்கலாம். கண்ணாடி அணிபவர்கள் வாங்குமுன் கண்ணாடியோடு பார்த்து, முழு வட்டமும் தெரிகிறதா என்று உறுதி செய்துகொள்ளுங்கள்.

விற்றவர் இலவசமாகக் கொடுத்த முக்காலி தனுஷ்கோடிக் காற்றில் நடுங்கிக்கொண்டே இருந்தது. அதைத் தள்ளிவிட்டுக் கனமான அலுமினிய முக்காலி தனியாக வாங்கினேன், நடுக்கம் நின்றது. ஸ்கோப்புக்கு ஒதுக்கும் பணத்தில் ஒரு பங்கை இதற்கு எடுத்து வையுங்கள். உப்புக்காற்றில் பயன்படுத்திய அன்றே வெளிப்புறத்தை நல்ல நீரில் நனைத்த துணியால் துடையுங்கள். வில்லையில் மணல் இருந்தால் முதலில் ஊதிவிட்ட பிறகே துணி வைக்க வேண்டும்.