பேனாக் குழு வீடு மாறிய கதை: டிஸ்கோர்ஸ், ஆறு மாதத்துக்குப் பிறகு

நாங்கள் மைப்பேனா பைத்தியங்கள். எந்த மை காய்ந்து ஃபீடை (நிப்புக்கு மை கொண்டுவரும் பகுதி) அடைக்கும், எந்தத் தாளில் மை ஊறிப் பரவும் என்று வருடக்கணக்காகப் பேசித் தீராத கூட்டம். முன்பு இருந்தது ஒரு சாட் செயலியில். அரட்டைக்கு அது அருமையான இடம்தான். ஆனால் ஒருவர் ராத்திரி கண் விழித்து, பிஸ்டன் பேனாவை (உள்ளேயே மை உறிஞ்சும் அமைப்புள்ள பேனா) கழற்றி சிலிகான் கிரீஸ் போடும் முறையைப் படிப்படியாக எழுதினால், விடிவதற்குள் அது அரட்டைக்கு அடியில் புதைந்துவிடும். அடுத்த வாரமே இன்னொருவர் அதே கேள்வியோடு வந்து நிற்பார்.

அதனால்தான் டிஸ்கோர்ஸ் என்ற இணைய மன்ற (ஃபோரம்) மென்பொருளுக்கு மாறினோம். டிஸ்கார்ட் இல்லை, அது வேறு, அரட்டைச் செயலி. இதை விளக்கியே எனக்கு ஒரு வாரம் போனது.

டிஸ்கோர்ஸ் 2013-இல் வெளிவந்தது. ஆரம்பித்த மூவரில் ஜெஃப் அட்வுட், நிரலாளர்களின் கேள்வி-பதில் தளமான ஸ்டாக் ஓவர்ஃப்ளோவைத் தொடங்கியவர்களில் ஒருவர். மென்பொருள் இலவசம், ஆனால் சொந்த சர்வரில் ஓட்டுவதென்றால் டாக்கர் (மென்பொருளைத் தனிப் பெட்டிபோல் அடைத்து ஓட்டும் கருவி) வேண்டும், குறைந்தது 1 ஜிபி ராம் வேண்டும். நிறுவுவது பெரிய வேலை இல்லை. மின்னஞ்சல்தான் படுத்திவிட்டது. கணக்கை உறுதிசெய்யும் அஞ்சல் போய்ச் சேராவிட்டால் ஒருவரும் உள்ளே வர முடியாது. டொமைன் அமைப்பில் நாங்கள் செய்த தப்பால் முதல் நாள் எல்லா அஞ்சலும் ஸ்பேமில் போய் விழுந்தது, சிலர் அத்தோடு திரும்பிப் பார்க்கவே இல்லை. மாறப்போகிறவர்கள் முதலில் இதைச் சோதித்துவிட்டு அப்புறம் ஆட்களை அழையுங்கள்.

பிஎச்பிபிபி, விபுல்லட்டின் மாதிரிப் பழைய மன்ற மென்பொருளிலிருந்து வருகிறவர்களுக்கு, பழைய பதிவுகளைக் கொண்டுவரும் இறக்குமதி ஸ்கிரிப்ட் தயாராகவே இருக்கிறது. எங்கள் பழைய செயலியோ எதையும் உருப்படியாக வெளியே எடுக்க விடவில்லை. நாலு பேர் உட்கார்ந்து நல்ல பதிவுகளை மட்டும் தேடிப் பிடித்து, எழுதியவர்களிடம் கேட்டு, கையாலேயே கொண்டுவந்தோம்.

எனக்கு மிகவும் பிடித்த வசதி பார்க்கச் சின்னதுதான். புதுக் கேள்விக்குத் தலைப்பை அடிக்க ஆரம்பித்ததுமே, அதே மாதிரிப் பழைய கேள்விகளை எடுத்துப் பக்கத்தில் காட்டுகிறது. 'நிப் எழுத மறுக்கிறது' என்று அடிப்பவர் பாதியிலேயே பதிலைப் பார்த்துவிட்டுப் போய்விடுகிறார். நாங்கள் மாறியதே இதற்காகத்தான்.

அடுத்தது, 0 முதல் 4 வரையிலான நம்பிக்கை நிலைகள்; நிலை ஏற ஏற உறுப்பினருக்கு உரிமைகள் கூடும். புதியவர் 5 இழைகளை (ஒரு தலைப்பின் கீழ் நடக்கும் உரையாடல்கள்) திறந்து, 30 பதிவுகளைப் படித்து, 10 நிமிடம் செலவழித்தால் 0-இலிருந்து 1-க்கு ஏறுகிறார். 3-ஆம் நிலைக்கு வந்தவர்கள் மற்றவர்களின் இழைத் தலைப்பைத் திருத்தலாம், சரியான பிரிவுக்கு நகர்த்தலாம். 'உதவி!!!' என்ற தலைப்புகளை எங்கள் ஆட்களே மாற்றிவிடுகிறார்கள், மாடரேட்டர் ஓடி வர வேண்டியதில்லை. ஒன்று மட்டும் கவனியுங்கள்: 0-ஆம் நிலையில் இருப்பவர் ஒரு பதிவில் 1 படம்தான் போடலாம் என்பது ஆரம்ப அமைப்பு. ஒழுகுகிற பேனாவை ஒரே படத்தில் எப்படிக் காட்டுவது? நிர்வாகப் பக்கத்தில் அந்த எண்ணைக் கூட்டிவிடலாம், நாங்கள்தான் தாமதமாகக் கவனித்தோம்.

பதிவுக்குக் குறைந்தது 20 எழுத்து என்பதும் அப்படித்தான். 'சூப்பர்' என்று மட்டும் சொல்லிப் பழகியவர்களுக்கு லைக் பொத்தானைப் பழக்க வேண்டியிருந்தது. பக்க எண்களே இல்லாமல் கீழே போய்க்கொண்டே இருக்கிற இழைகள் எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

பாதிப் பேர் வரவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். வெட்டிப் பேச்சுக்காக வந்தவர்களுக்கு இங்கே ஏதோ நூலகத்தில் உட்கார்ந்த மாதிரி இருக்கிறதாம். டிஸ்கோர்ஸுக்குள்ளேயே சாட் வசதி உண்டு, நான்தான் அணைத்து வைத்திருக்கிறேன். திறந்துவிடச் சொல்லி நேற்றுகூட ஒருவர் கேட்டார். கிரீஸ் போடும் முறையை எழுதியவரே அவர்தான், இருந்தாலும் இன்னும் திறக்கவில்லை.